நூறு பேரில் எத்தனை பேருக்குப் பாக்டீரியா?

வாசகர் கேள்வி, மருத்துவர் பதில்

சென்ற மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வயிற்றுப்போக்கைப் பற்றித்தான். 29 வருடம் மருத்துவமனை லேபில் உட்கார்ந்து மலக் கல்ச்சர் (மலத்திலுள்ள பாக்டீரியாவை வளர்த்துப் பார்க்கும் சோதனை) தட்டுகளைப் பார்த்தவள் நான். அதனால் இந்த இதழ் முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: டாக்டர், என் மகனுக்கு நாலு வயது. மூன்று நாளாகத் தண்ணீர் தண்ணீராகப் போனது, முதல் நாள் வாந்தியும் இருந்தது. மலத்தைக் கல்ச்சருக்குக் கொடுத்தோம். 'நோய்க்கிருமி எதுவும் வளரவில்லை' என்று ரிப்போர்ட் வந்தது. அப்படியானால் எதனால் போனது? லேபில் சரியாகப் பார்க்கவில்லையா?
(ஒரு தாய்)

பதில்: லேப் மேல் சந்தேகம் வேண்டாம் அம்மா. அந்த ஒரு வரியை எப்படி எழுதுகிறோம் என்று தெரிந்தால் உங்கள் குழப்பம் தீர்ந்துவிடும்.

ஒரு கிராம் மலத்தில் பத்தாயிரம் கோடி பாக்டீரியா வரை இருக்கும். அத்தனையும் நம் குடலில் குடித்தனம் நடத்துபவை, பெரும்பாலும் சாதுவானவை. அந்தக் கூட்டத்துக்குள் ஒளிந்திருக்கும் ஓரிரு வேண்டாத ஆட்களைத் தேடுவதுதான் எங்கள் வேலை. அதற்கென்றே மக்காங்கி அகர் என்று ஒரு தட்டு இருக்கிறது. மலத்தை அதில் தேய்த்து, ஓர் இரவு 37 டிகிரி சூட்டில் வைத்துவிட்டு, காலையில் இன்குபேட்டரைத் திறந்தால் தட்டு முழுக்க இளஞ்சிவப்புப் புள்ளிகள். அவை பெரும்பாலும் சாதாரண ஈ கோலை. லாக்டோஸ் சர்க்கரையைப் புளிக்க வைப்பதால் அந்த நிறம். வயிற்றுப்போக்கை உண்டாக்கும் சால்மொனெல்லாவுக்கும் ஷிகெல்லாவுக்கும் பொதுவாக அது முடியாது, ஆகவே நிறமில்லாமல், பனித்துளிபோல வெளிறி இருக்கும். தட்டை வெளிச்சத்துக்கு எதிரே சாய்த்துப் பிடித்து, சிவப்புக்கு நடுவே வெளிறிய புள்ளி ஒன்றாவது தெரிகிறதா என்று பார்ப்போம். இல்லையென்றால் 'வளரவில்லை' என்று எழுதுவோம்.

ஆக, அந்த வரியின் உண்மையான பொருள், 'நாங்கள் தேடிய இரண்டு மூன்று பாக்டீரியாக்கள் கிடைக்கவில்லை' என்பதுதான். வைரஸ் எதுவும் இந்தத் தட்டில் வளராது. வாந்தியோடு தொடங்கித் தண்ணீராகப் போகும் சின்னக் குழந்தைகளில் ரோட்டா வைரஸ், நோரோ வைரஸ் மாதிரியானவைதான் அடிக்கடி காரணம். நோரோ வைரஸ் மட்டுமே உலக அளவில் ஐந்தில் ஒரு பங்கு வயிற்றுப்போக்குக்குக் காரணம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஈ கோலையிலேயே நஞ்சு சுரந்து பேதியை உண்டாக்கும் ரகங்கள் உண்டு. தட்டில் அவையும் அதே இளஞ்சிவப்புதான். சாதுவும் திருடனும் ஒரே சட்டை போட்டு நின்றால் பார்த்த மாத்திரத்தில் எப்படிப் பிரிப்பது? சாதாரணக் கல்ச்சரில் முடியாது. மரபணுப் பரிசோதனை வேண்டும்.

மகனுக்கு இப்போது நின்றுவிட்டதா, சிறுநீர் நன்றாகப் போகிறானா, பழையபடி ஓடி ஆடுகிறானா? அப்படியானால் ரிப்போர்ட்டை மடித்து வைத்துவிடுங்கள்.

கேள்வி: ஒரு கட்டுரையில், வயிற்றுப்போக்கு வந்தவர்களில் நூற்றுக்கு ஐந்து பேருக்குக்கூட நோய் தரும் பாக்டீரியா கிடைப்பதில்லை என்று படித்தேன். இன்னொன்றில் எண்பது சதவீதத்துக்கு மேல் பாக்டீரியாதான் காரணம் என்கிறார்கள். இவ்வளவு வித்தியாசம் எப்படி? எது சரி?
(பணி ஓய்வு பெற்ற கணித ஆசிரியர்)

பதில்: ஐயா, இரண்டும் சரி. கணக்கு ஆசிரியர் நீங்கள். பின்னத்தில் கீழே என்ன எண் இருக்கிறது என்று முதலில் கேட்கிறவர். இங்கேயும் அதையே கேளுங்கள்.

வசதியான நாடுகளின் மருத்துவமனைகளில், மருத்துவர்கள் வழக்கமாக அனுப்பும் மலக் கல்ச்சர்களில் நூற்றுக்கு ஒன்றரை முதல் ஐந்தரை வரையில்தான் நோய்க்கிருமி வளர்கிறது என்று பல ஆய்வுகளில் வந்திருக்கிறது. இங்கே கீழே இருக்கும் எண்ணில் எல்லாரும் இருக்கிறார்கள். வைரஸால் போனவர், மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனவர், நாலு நாள் கழித்துச் சரியாகிக்கொண்டிருந்தவர், ஏற்கெனவே ஆன்ட்டிபயாடிக் விழுங்கிவிட்டு வந்தவர் என எல்லாரும். கருவியோ கல்ச்சர் ஒன்றுதான்.

எண்பதுக்கு மேல் என்பது பயணிகளுக்கு வரும் வயிற்றுப்போக்கின் கணக்கு. சுகாதார வசதி குறைந்த இடங்களுக்குப் புதிதாகப் போய், அங்கே வயிற்றுப்போக்கில் படுத்துவிடும் பெரியவர்களில் நூற்றுக்கு 80 முதல் 90 வரை பாக்டீரியாதான் காரணம் என்று சொல்லப்படுகிறது. நஞ்சு சுரக்கும் ஈ கோலை அதில் முன்னணியில் நிற்கிறது. அதே வயது, அதே உடல்வாகு, ஊரும் தண்ணீரும் மட்டும் வேறு. எண் தலைகீழாகிவிடுகிறது.

என் மேஜையிலேயே இதைத் தினமும் பார்த்திருக்கிறேன். டப்பாவைத் திறக்கும்போதே பாதி தெரிந்துவிடும். ரத்தமும் சளியும் கலந்து, கொஞ்சமே கொஞ்சமாக இருந்தால் கை தானாகச் சுறுசுறுப்பாகிவிடும். அப்படிப்பட்ட சீதபேதி மாதிரிகளில் ஷிகெல்லாவோ கேம்பைலோபாக்டரோ கிடைப்பதற்கான வாய்ப்பு தண்ணீர் மலத்தைவிடப் பல மடங்கு அதிகம். சீதபேதி நோயாளிகளை மட்டும் எடுத்துக்கொண்டு சதவீதம் போட்டால் ஓர் எண் வரும். வார்டில் இருக்கும் எல்லாரையும் சேர்த்துப் போட்டால் வேறோர் எண் வரும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து 'இது கூடிவிட்டது, அது குறைந்துவிட்டது' என்று சொல்வது தப்பு.

காலமும் எண்ணை மாற்றும். வெயிலும் மழையும் மாறி மாறி வரும் மாதங்களில் பாக்டீரியா கூடும். குளிர்ப் பகுதிகளில் ரோட்டா வைரஸ் குளிர்காலத்தில் ஆட்டம் போடும். காலரா வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். வரிசையாக வரும் மாதிரிகள் அத்தனையிலும் காலராக் கிருமியைத் தேடும் பச்சை நிற டி.சி.பி.எஸ். தட்டு மஞ்சள் புள்ளிகளாகப் பூத்து நிற்கும். மலத்தில் ஒரு சொட்டை மைக்ராஸ்கோப்பில் வைத்தால், வளைந்த குட்டிக் கிருமிகள் எய்த அம்பு மாதிரி குறுக்கும் நெடுக்கும் பாயும். ஒருமுறை பார்த்தால் மறக்காது. அந்த வாரம் ஒருவர் சதவீதம் போட்டால் என்ன வரும் என்று யோசித்துப் பாருங்கள்.

தேடும் பட்டியலும் முக்கியம். கேம்பைலோபாக்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு 42 டிகிரி சூடு வேண்டும், ஆக்சிஜன் குறைவாக இருக்க வேண்டும், இரண்டு நாள் காத்திருக்க வேண்டும். அதற்கென்று தனித் தட்டு போடாத லேபில் அது ஒருநாளும் வளராது. 1970-களில் அதற்கேற்ற வழிமுறைகள் வந்த பிறகுதான், உலகில் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் பாக்டீரியாக்களில் மிகப் பரவலானவற்றில் அதுவும் ஒன்று என்று தெரிய வந்தது. அதற்கு முந்தைய ஆண்டுகளில் அது இல்லாமலா இருந்தது? தேடத் தெரியாமல் இருந்தோம்.

ஆகவே ஐயா, அடுத்த முறை ஒரு சதவீதத்தைப் படிக்கும்போது மூன்றைக் கேளுங்கள். யாருடைய மலம், எந்த முறையில் தேடினார்கள், எதையெல்லாம் தேடினார்கள். இம்மூன்றும் சொல்லாத எண்ணை நம்ப வேண்டாம்.

கேள்வி: மேடம், நான் நர்சிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வயிற்றுப்போக்கே இல்லாத ஆரோக்கியமான குழந்தைகளின் மலத்திலும் நோய்க்கிருமி இருக்கும் என்று வகுப்பில் சொன்னார்கள். அப்படியென்றால் நோயாளியிடம் கிடைக்கும் கிருமிதான் காரணம் என்று எப்படிச் சொல்வது?

பதில்: இந்தக் கேள்விதான் இந்தத் துறையின் மையமே. இதைக் கேட்கத் தொடங்கிவிட்டாய் என்றால் நீ நல்ல நர்ஸாக வருவாய்.

ஜெம்ஸ் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் ஒரு பெரிய ஆய்வு இருக்கிறது. ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் 7 இடங்களில், ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளிடம் நடத்தி, 2013-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். மிதமான அல்லது கடுமையான வயிற்றுப்போக்கு இருந்த 9,439 குழந்தைகள். அவர்களோடு ஒப்பிட, அதே வயதில், அதே பகுதியில், வயிற்றுப்போக்கு இல்லாத 13,129 குழந்தைகள். எல்லாருடைய மலத்தையும் ஒரே மாதிரி பரிசோதித்தார்கள். நோயுற்ற குழந்தைகளில் 83 சதவீதத்தினரிடம் ஏதாவதொரு கிருமி இருந்தது. சரி, ஆரோக்கியமான குழந்தைகளிடம்? 72 சதவீதம்!

முதல் தடவை இதைப் படித்தபோது நான் கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். எத்தனை ரிப்போர்ட்டில் 'இன்ன கிருமி கிடைத்தது' என்று கையெழுத்துப் போட்டிருப்பேன்! அதில் எத்தனை உண்மையான குற்றவாளி, எத்தனை வெறுமனே அங்கே நின்றுகொண்டிருந்த ஆள்?

அதனால்தான் அந்த ஆய்வில் கிருமி இருக்கிறதா என்பதோடு நிறுத்தவில்லை. நோயுற்றவர்களிடம் எவ்வளவு அதிகமாக இருக்கிறது என்று ஒப்பிட்டு, ஒவ்வொரு கிருமியின் பங்கையும் கணக்கிட்டார்கள். கடைசியில் மேலே நின்றவை நான்கு: ரோட்டா வைரஸ், கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி, வெப்பத்துக்கு அசையாத நஞ்சைச் சுரக்கும் ஈ கோலை, ஷிகெல்லா. நாலில் இரண்டுதான் பாக்டீரியா என்பதைக் கவனி. ஜியார்டியா என்ற ஒட்டுண்ணியோ, ஒரு வயதைத் தாண்டிய பிள்ளைகளில், நோயுற்றவர்களைவிட ஆரோக்கியமானவர்களிடமே அதிகம் இருந்தது.

அப்புறம் 2016-இல், சேமித்து வைத்திருந்த அதே மாதிரிகளில் ஒரு பகுதியை எடுத்து, கிருமியின் மரபணு எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் பி.சி.ஆர். முறையில் மறுபடி பார்த்தார்கள். முதல் ஆய்வில் ஏறத்தாழ பாதி வயிற்றுப்போக்குக்குத்தான் காரணம் சொல்ல முடிந்தது. இம்முறை அது 90 சதவீதத்தை நெருங்கியது. ஷிகெல்லாவின் பங்கு ஏறத்தாழ இரண்டு மடங்காகி, பட்டியலில் முதல் இடத்துக்கு வந்துவிட்டது. கல்ச்சரில் செத்துப் போய்க் கணக்கில் வராமல் இருந்தவை அவை.

வார்டில் நிற்கும்போது உனக்கு இது எப்படிப் பயன்படும் என்றால், ரிப்போர்ட்டில் ஒரு பெயரைப் பார்த்ததும் படுக்கையில் இருக்கும் குழந்தையைத் திரும்பிப் பார். ஷிகெல்லா என்று வந்து, குழந்தைக்கு ரத்தமும் காய்ச்சலும் இருந்தால் பொருந்துகிறது. பத்து முதல் நூறு ஷிகெல்லா உள்ளே போனாலே போதும், நோய் வந்துவிடும். அது பெரும்பாலும் நிஜக் குற்றவாளிதான். ஆனால் சுகாதாரம் குறைந்த இடங்களில் வளரும் குழந்தைகளிடம் கேம்பைலோபாக்டர் நோயில்லாமலே அடிக்கடி காணப்படும். அதை நோயாளியைப் பார்க்காமல் முடிவு செய்யக் கூடாது.

கேள்வி: என் கணவருக்குப் புது வகைப் பரிசோதனை செய்தார்கள், ஒரே நேரத்தில் 22 கிருமிகளைப் பார்க்குமாம். மூன்று பெயர் வந்திருக்கிறது. மூன்று நோயா? பயமாக இருக்கிறது.

பதில்: பயப்பட வேண்டாம். மேலே நர்சிங் மாணவிக்குச் சொன்னதுதான் உங்களுக்கும். இந்தப் பரிசோதனை கிருமியின் மரபணுவைத் தேடுகிறது. அது உயிரோடு இருக்கிறதா, செத்துக் கிடக்கிறதா, போன வாரம் வந்து போனதா என்று சொல்லாது. ஒருமணி நேரத்தில் பதில் வருவது பெரிய உதவி. ஆனால் மூன்று பெயர் என்றால் மூன்று நோய் இல்லை. குறிப்பாக, அந்த மூன்றில் 'ஈ.பி.இ.சி.' என்ற ஈ கோலை ரகம் இருந்தால், ஆரோக்கியமானவர்களிடமும் அது அடிக்கடி தென்படும். எது இப்போதைய தொந்தரவுக்குப் பொருந்துகிறது என்பதை அவரைப் பரிசோதித்த மருத்துவரே சொல்ல வேண்டும்.

கேள்வி: ரிப்போர்ட் வருவதற்குள் இரண்டு நாள் ஆகிவிடுகிறது. அதுவரை சும்மா இருக்க முடியுமா? உடனே ஆன்ட்டிபயாடிக் போட்டுவிட்டால் என்ன?

பதில்: சும்மா இருக்கச் சொல்லவில்லை. ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காமல் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. அது ஓ.ஆர்.எஸ். ஒரு லிட்டருக்கான பாக்கெட்டை ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் முழுதாகக் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே இருங்கள். காலரா நஞ்சு குடலைத் தண்ணீர் கொட்டும் குழாயாக்கிவிட்டாலும், உப்பும் குளுக்கோஸும் ஜோடியாக உள்ளே நுழையும் ஒரு வாசல் மட்டும் திறந்தே இருக்கும். அந்த ஜோடியின் பின்னாலேயே தண்ணீரும் உள்ளே போய்விடும். எந்தக் கிருமியாக இருந்தாலும் இது வேலை செய்யும் என்பதுதான் இதன் அருமை. குழந்தைகளுக்கு இதோடு துத்தநாகமும் கொடுப்பார்கள். ஆறு மாதத்துக்கு மேல் தினம் 20 மில்லிகிராம், அதற்குக் கீழே 10, மொத்தம் 10 முதல் 14 நாள்.

ஆன்ட்டிபயாடிக் வேண்டியவர்கள் உண்டு. ரத்தமும் காய்ச்சலுமாகச் சீதபேதி உள்ளவர், கடுமையான காலரா நோயாளி, எதிர்ப்புச் சக்தி குறைந்தவர் போன்றோர். மற்றவர்களில் பெரும்பாலானோருக்கு அது வீண். சிலருக்கு ஆபத்து. ஓ157 போன்ற ஈ கோலை ரகங்கள் ஷிகா நஞ்சைச் சுரப்பவை. அந்தத் தொற்றில் ஆன்ட்டிபயாடிக் கொடுத்தால் நஞ்சு கூடி, சிறுநீரகம் செயலிழக்கும் அபாயம் அதிகமாகலாம் என்பதால் தவிர்க்கச் சொல்கிறோம். காய்ச்சல் இல்லாமல் ரத்தம் மட்டும் போனால் இந்தச் சந்தேகம் எங்களுக்கு வரும்.

மருந்துக்கு அடங்காமல் போகும் கிருமிகளின் எதிர்ப்புத் திறன் என்னை உண்மையிலேயே வருத்தும் விஷயம். நான் வேலைக்குச் சேர்ந்தபோது ஷிகெல்லா தட்டில் மருந்து வில்லைகளை வைத்தால், ஒவ்வொன்றைச் சுற்றியும் கிருமி வளராத வெற்று வட்டம் காசளவுக்கு அகலமாக இருக்கும். ஓய்வு பெறும்போது அந்த வட்டங்கள் சுருங்கி, சிலவற்றில் வில்லையை ஒட்டியே கிருமி வளர்ந்து நின்றது. உலக சுகாதார நிறுவனம் 2017-இல் வெளியிட்ட, புது மருந்து அவசரமாகத் தேவைப்படும் கிருமிகளின் பட்டியலில் ஷிகெல்லா, சால்மொனெல்லா, கேம்பைலோபாக்டர் மூன்றுமே இருக்கின்றன. தேவையில்லாமல் விழுங்கும் ஒவ்வொரு மாத்திரையும் அந்த வட்டத்தைக் கொஞ்சம் சுருக்குகிறது.

கண் குழி விழுவது, எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகாதது, தண்ணீர்கூடக் குடிக்க முடியாதபடி துவண்டு கிடப்பது, மலத்தில் ரத்தம், இவற்றில் எது வந்தாலும் ரிப்போர்ட்டைப் பார்க்காமல் நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.

கேள்வி: மலப் பரிசோதனைக்கு எப்போது, எப்படி எடுத்துக் கொடுக்க வேண்டும்?

பதில்: ஆன்ட்டிபயாடிக் தொடங்கும் முன், சுத்தமான காய்ந்த டப்பாவில், சிறுநீர் கலக்காமல். சளியோ ரத்தமோ இருக்கும் இடத்திலிருந்து எடுங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் லேபுக்கு வந்துவிட வேண்டும். தாமதமாகும் என்றால், கிருமி சாகாமல் காக்கும் கேரி பிளேர் என்ற கலவை போட்ட குழாயை முன்கூட்டியே லேபில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

நேரத்தை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், ஒரு ஆறு வயதுப் பெண் குழந்தைக்காக. நான் லேபில் சேர்ந்து இரண்டாவது வருடம். ரத்தமும் சளியுமாகப் போய்க்கொண்டிருந்தாள். காலை ஆறு மணிக்கு எடுத்த மாதிரி வார்டு அலமாரியிலேயே கிடந்து, மதியத்துக்கு மேல்தான் என் கைக்கு வந்தது. மறுநாள் தட்டில் இளஞ்சிவப்பைத் தவிர ஒன்றுமில்லை. 'வளரவில்லை' என்று எழுதி அனுப்பிவிட்டேன். அன்று மாலை குழந்தை மருத்துவர் போனில், "ரத்தம் நிற்கவே இல்லைம்மா, இன்னொரு தடவை பாருங்களேன்" என்றார். தட்டுகளைக் கையில் எடுத்துக்கொண்டு வார்டுக்கே போனேன். குழந்தை அப்போதுதான் மலம் கழித்திருந்தாள். சளி இருந்த இடத்தைப் பஞ்சுக் குச்சியில் தொட்டு, கட்டில் பக்கத்திலேயே தட்டில் தேய்த்தேன். மறுநாள் காலை தட்டெங்கும் வெளிறிய புள்ளிகள். கண்ணாடிச் சில்லில் ஷிகெல்லாவை அடையாளம் காட்டும் சீரம் ஒரு சொட்டு விட்டு அந்தப் புள்ளியைக் கலக்கினால், பால் திரிவதுபோல் திரிந்தது. ஷிகெல்லா ஃபிளெக்ஸ்னெரி. முதல் மாதிரியிலும் அது இருந்திருக்கும். ஆறேழு மணி நேரத்தில் செத்துவிட்டது. அன்றிலிருந்து மாதிரி எடுத்த நேரம் எழுதாத டப்பா வந்தால் வார்டுக்குப் போன் போடாமல் நான் தட்டைத் தொட்டதில்லை.

கேள்வி: என் அப்பாவுக்கு 68 வயது. கல்ச்சரில் சால்மொனெல்லா வந்தது, டைஃபாய்டு வகை இல்லை என்றார்கள். இப்போது நன்றாக இருக்கிறார். கிருமி போய்விட்டதா என்று மறுபடி பரிசோதிக்க வேண்டுமா? பேரக் குழந்தையைத் தூக்கவே பயப்படுகிறார்.

பதில்: பொதுவாக வேண்டியதில்லை. வயிறு சரியான பிறகும் சராசரியாக ஐந்து வாரம் வரை மலத்தில் சால்மொனெல்லா வந்துகொண்டிருக்கும். இப்போது பரிசோதித்தால் 'இருக்கிறது' என்று வந்து வீணாகக் கலவரப்படுவீர்கள். அதைத் துரத்த ஆன்ட்டிபயாடிக் கேட்காதீர்கள். அது கிருமி வெளியேறும் காலத்தை நீட்டிக்கவே செய்யலாம். அப்பா பலருக்குச் சமைத்துப் போடும் வேலையிலோ, நோயாளிகளைக் கவனிக்கும் வேலையிலோ இருந்தால் மட்டும், வேலைக்குத் திரும்பும் முன் மறுபரிசோதனை தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

தட்டு, டம்ளரைத் தனியாக ஒதுக்கி வைத்து அவர் மனதை நோகடிக்க வேண்டாம். கழிவறைக்குப் போய் வந்ததும், சாப்பாட்டில் கை வைக்கும் முன்பும் சோப்பு போட்டு நன்றாகக் கை கழுவட்டும். சில வாரங்களுக்குக் குழந்தைக்கான சாப்பாட்டை மட்டும் வேறு யாராவது தயார் செய்யுங்கள். கழுவிய கையோடு பேரக் குழந்தையைத் தாராளமாகத் தூக்கி மடியில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.